அன்னிபெசண்ட் ஏறிய கோர்ட்டுப் படிகள்

சென்னை ஐகோர்ட்டு. 1913-ம் ஆண்டு. கோடை வெயில் ஏறத் தொடங்கிய நேரம்.

ஒரு வழக்கு நடந்து கொண்டிருந்தது. கொலை வழக்கு அல்ல. சொத்து வழக்கும் அல்ல. இரண்டு சிறுவர்கள் யாரிடம் வளர வேண்டும் என்பதுதான் வழக்கு. ஊரெங்கும் அதே பேச்சு.

வழக்குப் போட்டவர் சிறுவர்களின் தந்தை. அவருக்காக வாதாடியவர் சி. பி. ராமசாமி அய்யர். அப்போதே பெயர் எடுத்துவிட்ட இளம் வக்கீல்.

எதிர்த்தரப்பில் வக்கீல் இல்லை. நரைத்த தலையுடன் ஓர் ஆங்கில மாது தானே எழுந்து நின்றார். சாட்சிகளைக் கேள்வி கேட்டார். சட்டப் புத்தகங்களைப் புரட்டினார். அவருக்கு வயது 65.

அவர்தான் அன்னிபெசண்ட் அம்மையார்!

பிற்காலத்தில் "ஹோம்ரூல்" கிளர்ச்சி நடத்தியவர். காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். சென்னையில் இன்றும் பெசண்ட் நகர் என்று அவர் பெயரால் ஒரு பகுதியே இருக்கிறது. இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

ஆனால் 1913-க்கு 35 ஆண்டுகளுக்கு முன்பு, லண்டன் கோர்ட்டு ஒன்றில் இதேபோல வக்கீல் இல்லாமல், தான் பெற்ற மகளுக்காக அவர் நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கதையைச் சொல்லாமல் சென்னை வழக்கைச் சொல்ல முடியாது.

30 ஷில்லிங் யாருக்கு?

அன்னி பிறந்தது 1847-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந்தேதி, லண்டனில். 5 வயதில் தந்தையை இழந்தார். தாயார், பள்ளிக்கூடப் பையன்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போடும் விடுதி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எல்லன் மேரியட் என்ற நல்ல மனம் படைத்த மாது, சிறுமி அன்னியைத் தன்னோடு வைத்துப் படிக்க வைத்தார்.

20 வயதில் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை பிராங்க் பெசண்ட் என்ற பாதிரியார். 1869-ல் டிக்பி என்ற மகன் பிறந்தான். 1870-ல் மேபல் என்ற மகள் பிறந்தாள்.

குடும்ப வாழ்க்கை இனிக்கவில்லை. கணவர் கண்டிப்பானவர். வீட்டில் தான் வைத்ததே சட்டம் என்று இருந்தவர். மனைவியோ எதையும் ஏன் என்று கேட்கும் குணம் உள்ளவர்.

அன்னி ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். 30 ஷில்லிங் பணம் வந்தது. வாழ்க்கையில் அவர் சம்பாதித்த முதல் பணம்! ஆனந்தம் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பணம் அவருடையது அல்ல! மனைவி சம்பாதித்தால் அது கணவனுக்கே சொந்தம் என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கே என்று சட்டம் வந்தது 1870-ம் ஆண்டில்தான்.

பணத்துக்கே இந்த நிலை என்றால், குழந்தைகள்? அவர்களும் தந்தைக்கே உரியவர்கள் என்றுதான் சட்டம் பேசியது.

1871-ல் கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல் கண்டது. மூச்சுத் திணறியது. பிழைக்காது என்றே மருத்துவர் நினைத்தார். அன்னி கட்டிலைச் சுற்றிப் போர்வைகளால் கூடாரம் போலக் கட்டினார். உள்ளே நீராவி பிடிக்கச் செய்து, குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு இரவும் பகலும் உட்கார்ந்தார். வாரக்கணக்கில் இந்தப் போராட்டம். குழந்தை பிழைத்தது.

பிழைத்ததே தவிர, தாயின் மனதில் ஒரு கேள்வி புகுந்து விட்டது. ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தையைக் கடவுள் ஏன் இப்படி வதைக்க வேண்டும்? அந்தக் கேள்வி வளர்ந்து, கடைசியில் அவரைத் தேவாலயத்தை விட்டே வெளியே கொண்டு வந்தது. பாதிரியாரின் மனைவி பூசையில் கலந்து கொள்ள மறுத்தால் ஊர் என்ன சொல்லும்? வழிபாட்டுக்கு வா, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ என்ற நிலை வந்தது. அன்னி வெளியேறினார்.

1873-ல் கணவனும் மனைவியும் பிரிந்து வாழ ஒப்பந்தப் பத்திரம் எழுதினார்கள். மகன் டிக்பி தந்தையிடம். மகள் மேபல் தாயிடம். ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் தந்தை வீட்டுக்குப் போய் வர வேண்டும். தாய்க்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை.

பத்திரம் கையில் இருக்கிறது. இனி மகளை யாரும் பறிக்க முடியாது. அப்படித்தான் அன்னி நினைத்தார்.

படுக்கை அருகே வந்த நோட்டீசு

அன்னி எழுதிப் பிழைக்கத் தொடங்கினார். 1874-ல் சார்லஸ் பிராட்லா என்பவரின் நட்புக் கிடைத்தது. பிராட்லா பெரிய பேச்சாளர். கடவுள் இல்லை என்று மேடை ஏறிச் சொன்னவர். சட்ட நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய இயக்கத்தில் அன்னியும் சேர்ந்தார்.

1877-ல் இருவரும் ஒரு புத்தகத்தை மறுபடி அச்சிட்டு விற்றார்கள். அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதியது. அளவாகப் பிள்ளை பெற்றுக் கொள்வது எப்படி என்பதை விளக்கும் புத்தகம். இன்று அரசாங்கமே செய்கிற பிரசாரம். அன்றோ அது ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள்! 6 மாதச் சிறை, 200 பவுன் அபராதம் என்று தண்டனை. 1878 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு, குற்றப் பத்திரிகையில் பிழை இருக்கிறது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது.

சிறை தப்பியது. ஆனால் பிராங்க் பெசண்டுக்கு ஒரு பிடி கிடைத்து விட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் மேபல் செங்காய்ச்சலில் விழுந்தாள். உயிருக்கே ஆபத்தான காய்ச்சல் அது. தாய் படுக்கையை விட்டு நகரவில்லை. அந்தப் படுக்கை அருகே உட்கார்ந்திருந்த போதே கோர்ட்டு மனுவின் நகல் அவர் கைக்கு வந்தது. மகளைத் தன்னிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும் என்று தந்தை கேட்டிருந்தார்.

தாய் குழந்தையை அடித்தாள், பட்டினி போட்டாள் என்று மனு சொல்லவில்லை. அவள் கடவுள் இல்லை என்கிறாள், இன்ன புத்தகத்தை வெளியிட்டாள் என்று சொன்னது.

மே மாதம் வழக்கு விசாரணைக்கு வந்தது. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். சட்ட மேதை என்று பெயர் எடுத்தவர், சுள்ளென்று பேசுபவர். ஒரு பெண் தானே வாதாட வந்து நிற்பது அவருக்குப் பிடிக்கவே இல்லை. தொடக்கத்திலேயே அதைக் காட்டி விட்டார். இங்கிலாந்தில் அப்போது பெண்கள் வக்கீலாக முடியாது. அதற்கு 1919 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் வழக்கைத் தானே பேசுவது ஒன்றுதான் ஒரு பெண்ணுக்குத் திறந்திருந்த வழி.

அன்னி நன்றாகத்தான் பேசினார். ஒப்பந்தப் பத்திரத்தைக் காட்டினார். ஆனால் பத்திரம் காப்பாற்றவில்லை. தாய்க்குக் குழந்தையைத் தரலாம் என்று பெற்றோர் எழுதிக் கொள்ளலாம். அது குழந்தைக்கு நல்லதல்ல என்று கோர்ட்டு நினைத்தால் அதை ஏற்க வேண்டியதில்லை. 1873-ம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் இருந்தது. இப்படிப்பட்ட தாயிடம் வளர்ந்தால் நல்ல குடும்பத்துப் பெண்கள் இந்தச் சிறுமியோடு பழக மாட்டார்கள் என்று நீதிபதி கருதினார்.

1878 மே மாதத்திலேயே தீர்ப்பு. மேபல் தந்தையிடம் போக வேண்டும்!

தாய் அப்பீல் செய்யலாம். ஆனால் அப்பீல் முடியும் வரை குழந்தை எங்கே இருப்பது? வழக்கின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. உத்தரவு உடனே நிறைவேற்றப்பட்டது. தந்தை அனுப்பிய ஆள் வீட்டுக்கு வந்தார். காய்ச்சலின் களைப்பு இன்னும் தீராத சிறுமி. 8 வயது கூட நிறையவில்லை. அலறித் துடித்தாள். கை கால்களை உதறினாள். அப்படியே தூக்கிக் கொண்டு போய் விட்டார்கள்.

அதன் பிறகு மகளைப் பார்க்கவும் விடவில்லை. காலியான அறைகளில் அன்னி மணிக்கணக்காக முன்னும் பின்னும் நடந்தார். உடம்பு ஓய்ந்தாலாவது மனம் மறக்குமா என்று நடந்தார். கடைசியில் காய்ச்சலாகப் படுத்து விட்டார். பிராட்லா நாள்தோறும் வந்து, படுக்கை அருகே உட்கார்ந்து தன் எழுத்து வேலையைச் செய்து கொண்டே பாலும் பனிக்கட்டியும் ஊட்டினார்.

அப்பீல் தீர்ப்பு வந்தது 1879 ஏப்ரலில். ஏறக்குறைய 11 மாதங்கள் ஓடி விட்டன. தந்தைக்கே குழந்தை என்று அப்பீல் கோர்ட்டும் சொன்னது. குழந்தைகளைப் பார்த்து வரும் உரிமை மட்டும் தாய்க்குக் கிடைத்தது.

அந்த உரிமையை அவர் என்ன செய்தார் தெரியுமா? பயன்படுத்தவில்லை! நடுவில் இழுபடுவது குழந்தைகளுக்குத்தான் வேதனை என்று நினைத்தார். அவர்கள் வளர்ந்து தாங்களே யோசித்து முடிவு செய்யும் வயது வரும் வரை பார்ப்பதில்லை, கடிதமும் எழுதுவதில்லை என்று உறுதி செய்து கொண்டார். இது சரியா தவறா என்று தாய்மார்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வளர்ந்தார்கள்; வயது வந்ததும் இருவருமே தாயைத் தேடி வந்தார்கள்.

அடையாற்றுக் கடற்கரையில்

அடுத்த பத்து ஆண்டுகளில் அன்னி தன் துயரத்தை வேலையில் கரைத்தார். 1888-ல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களுக்காக எழுதினார், பணம் திரட்டினார். 1889-ல் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். கடவுள் இல்லை என்றவர் ஆன்மிகத்துக்குத் திரும்பியது நண்பர்களுக்கே அதிர்ச்சி. 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் சபையின் தலைவரானார். சபையின் தலைமை நிலையம் சென்னை அடையாற்றில்.

அங்கேதான் நாராயணய்யா வந்து சேர்ந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சபையின் பழைய உறுப்பினர். மனைவி 1905-ல் இறந்து விட்டார். நான்கு மகன்களையும் வைத்துக் கொண்டு தவித்தவர். 1909-ல் சபையில் வேலை கிடைத்து அடையாற்றில் குடியேறினார்.

அவருடைய மகன்களில் ஒருவன் கிருஷ்ணமூர்த்தி. 1895-ல் மதனப்பள்ளியில் பிறந்தவன். அவனுக்கு அடுத்த தம்பி நித்யானந்தா. சபையின் முக்கியப் புள்ளியான லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்தார். உலகத்துக்கே குருவாகப் போகிறவன் இவன்தான் என்று அறிவித்தார். அம்மையாரும் அதை நம்பினார்.

1910 மார்ச்சில் நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு பையன்களுக்கும் அம்மையார் பாதுகாவலராக இருக்கலாம் என்பது கடிதம். பையன்கள் அம்மையாரின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். இங்கிலாந்துக்கும் போனார்கள்.

தாயில்லாப் பிள்ளைகளுக்கு நல்ல படிப்புக் கிடைக்கிறதே என்றுதான் தந்தை முதலில் நினைத்திருப்பார். நாளாக நாளாக அவருக்குப் பயம் பிடித்தது. மகனைத் தெய்வம் என்று கொண்டாடுகிறார்கள். லெட்பீட்டரோடு பையன்கள் பழகுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் மீது கடுமையான குற்றச்சாட்டுகளைச் சொன்னார். பையன்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். அம்மையார் மறுத்தார்.

1912 அக்டோபரில் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்கு. அங்கிருந்து சென்னை ஐகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! பெற்ற மகளை இழந்து துடித்த அதே அம்மையார், இப்போது பெற்ற தந்தையிடம் பிள்ளைகளைத் தரமாட்டேன் என்று நிற்கிறார். அவருடைய பக்தர்கள் இதற்கு ஆயிரம் சமாதானம் சொல்வார்கள். நாராயணய்யாவின் இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் செல்லாது. பிள்ளைகள் கடல் தாண்டி இருக்கிறார்கள். அவரோ பென்ஷன் வாங்கிப் பிழைப்பவர்.

1913 ஏப்ரல் 15-ந்தேதி நீதிபதி பேக்வெல் தீர்ப்புச் சொன்னார். லெட்பீட்டரின் கொள்கைகள் அவரைச் சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் ஆக்குகின்றன என்றார். தந்தை சொன்ன மிகக் கடுமையான குற்றச்சாட்டுகள் மட்டும் நிரூபிக்கப்படவில்லை என்றார். ஆனாலும் மே 26-ந்தேதிக்குள் சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும்!

1910-ல் எழுதிய கடிதம் என்ன ஆயிற்று? 1873-ல் எழுதிய பத்திரத்துக்கு என்ன ஆயிற்றோ அதுதான். கையில் காகிதம் இருக்கிறது. கோர்ட்டில் அது செல்லவில்லை.

இந்தத் தடவை அம்மையார் சும்மா இருக்கவில்லை. லண்டனில் பட்ட அடி அவருக்கு நினைவு இருந்திருக்கும். உடனே அப்பீல் செய்தார். அப்பீல் முடியும் வரை உத்தரவை நிறுத்தி வைக்கும்படி கேட்டுத் தடையும் வாங்கினார். மேபலுக்குக் கிடைக்காத அவகாசம் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அக்டோபரில் ஐகோர்ட்டு அப்பீலைத் தள்ளியது. விடவில்லை, லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். அதுவரையில் சிறுவர்கள் இங்கிலாந்திலேயே இருந்தார்கள்.

1914 மே மாதம் 25-ந்தேதி பிரிவி கவுன்சில் தீர்ப்பு வந்தது. சென்னைத் தீர்ப்புகள் ரத்து! அம்மையார் வென்றார்.

ஆனால் அந்தத் தீர்ப்பைப் படித்துப் பார்த்தால், பிள்ளைகள் அவருக்கே சொந்தம் என்று எங்கும் சொல்லவில்லை. தந்தைதான் இயற்கையான பாதுகாவலர். அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தாலும் மனம் மாறித் திரும்பக் கேட்கலாம். இது நாராயணய்யாவுக்குச் சாதகமான பேச்சு. பிறகு ஏன் தோற்றார்? வழக்கைப் போட்ட இடம் தவறு! சிறுவர்கள் இங்கிலாந்தில் வசிக்கும்போது செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரம் ஏது? குழந்தை எங்கே வசிக்கிறதோ அந்த எல்லையில் உள்ள கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இன்னொன்றும் லார்டுகள் சொன்னார்கள். இவ்வளவு வளர்ந்த பையன்களின் நலன் என்ன, விருப்பம் என்ன என்று பார்க்காமல், அவர்களை வழக்கில் சேர்க்காமல் உத்தரவு போட்டது தவறு என்றார்கள்.

தந்தை விரும்பினால் இங்கிலாந்து ஐகோர்ட்டுக்குப் போகலாம் என்று வழியும் காட்டினார்கள். நல்ல வழிதான்! சென்னையில் பென்ஷன் வாங்குகிறவர் கப்பல் ஏறி, லண்டனில் வக்கீல் வைத்து, வழக்கு நடத்த வேண்டும்!

அதே சட்டம், இன்றும்

செங்கல்பட்டு வழக்கு எந்தச் சட்டத்தால் கவிழ்ந்ததோ, அந்த 1890-ம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம் இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அங்கேதான் மனுப் போட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவசரத்துக்கும் அதிலே வழி உண்டு. முழு விசாரணை முடியுமுன்பே குழந்தையைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவும், தற்காலிகமாக யாரிடம் இருப்பது என்று சொல்லவும் 12-வது பிரிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. மனுப் போடுகிறவர்கள் இந்த இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாமல் விட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

1984-ம் ஆண்டுச் சட்டப்படி குடும்ப நல கோர்ட்டுகள் வந்திருக்கின்றன. அங்கே அவரவர் வழக்கை அவரவரே பேசலாம். கோர்ட்டு அனுமதித்தால் வக்கீல் வைத்துக் கொள்ளலாம். தாயோ தந்தையோ, யாராக இருந்தாலும் குழந்தையின் நலனே முதலில் பார்க்கப்படும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று அழ வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. ஏழை ஆண்களுக்கும் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். அன்று நாராயணய்யாவுக்கு லண்டனில் இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ!

பகை மறந்த வக்கீல்

கோர்ட்டில் எதிரெதிரே நின்ற சி. பி. ராமசாமி அய்யர், சில ஆண்டுகளிலேயே அம்மையாரின் வலது கை ஆனார். 1916-ல் தொடங்கிய ஹோம்ரூல் இயக்கத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். 1917-ல் வெள்ளையர் அரசாங்கம் அம்மையாரை ஊட்டியில் காவலில் வைத்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. விடுதலையாகி வந்த அதே ஆண்டில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

கிருஷ்ணமூர்த்தி என்ன ஆனார்? உலகத்துக்கே குரு என்று பட்டம் சூட்டி வளர்க்கப்பட்ட அவர், 1929-ல் தனக்காக உண்டாக்கிய சங்கத்தைத் தானே கலைத்தார். நான் யாருக்கும் குரு அல்ல என்று விலகினார். அம்மையாருக்கு அது பெரிய அடி. ஆனாலும் அவர் மீது வைத்திருந்த பாசம் குறையவில்லை. அம்மையார் 1933 செப்டம்பர் 20-ந்தேதி அடையாற்றில் காலமானார். தம்பி நித்யானந்தா அதற்கு முன்பே, 1925-ல், அமெரிக்காவில் இளம் வயதில் இறந்து போயிருந்தார்.

நாராயணய்யா? 1912 தொடக்கத்தில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய அந்த இரண்டு பையன்களும் 1921-ம் ஆண்டின் இறுதியில்தான் இந்தியா திரும்பினார்கள். அப்போது ஒருவருக்கு 26 வயது, மற்றவருக்கு 23. சென்னைக்கு வந்து தந்தையைப் போய்ப் பார்த்தார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத்தான் அவர் உயிரோடு இருந்தார்.